வேறோர் உடலில் ஓர் எஞ்சின்: சொய்ச்சிரோ ஹோண்டாவின் வாழ்க்கை

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன்களில் சிலவற்றைத் திறந்தால், உள்ளே பாதிக் கார்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஜப்பானில் ஓடி முடித்த கார்களின் முன்பகுதி மட்டும், எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், டேஷ்போர்டு சகிதமாக அறுத்து அனுப்பப்படுகிறது. நம் ஊரில் அதற்கு 'ஹாஃப்கட்' என்று பெயர். கிள்ளான் பள்ளத்தாக்கின் பட்டறைகளில் பழைய சிவிக்கும் பழைய கொரோலாவும் புதிய உயிர் பெறுவது இந்தப் பாதிக் கார்களில் இருந்துதான்.

முப்பது, நாற்பது வருடப் பழைய ஜப்பானியக் காரில் இன்றைய டர்போ எஞ்சினைப் பொருத்துவது பல இளைஞர்களின் கனவு. ஹோண்டா பிரியர்களுக்கு, சிவிக் டைப் ஆர் காரின் 2.0 லிட்டர் டர்போ எஞ்சினைப் பழைய ஹோண்டாவுக்குள் இறக்குவது அந்தக் கனவின் உச்சம். அந்த எஞ்சினின் மேல் மூடியில் ஒரு மனிதரின் குடும்பப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் பட்டறைப் பையனாகத் தொழிலைத் தொடங்கியவர். அவருடைய முதல் பெரிய வெற்றியே ஒரு வாகனத்தின் எஞ்சினை வேறொரு வாகனத்தில் பொருத்தியதால் கிடைத்ததுதான். அவர் பெயர் சொய்ச்சிரோ ஹோண்டா.

கொல்லன் மகன்

1906-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் தேதி, ஜப்பானின் ஷிசுவோக்கா மாநிலத்தில் கோம்யோ என்ற கிராமத்தில் சொய்ச்சிரோ பிறந்தார். அந்த இடம் இன்று ஹமாமட்சு நகரத்துக்குள் அடங்கிவிட்டது. தந்தை கிஹெய் ஒரு கொல்லர். பழுதான சைக்கிள்களையும் சரிசெய்து கொடுப்பார். தாய் மிக்கா தறி நெய்பவர். வீட்டில் வசதி இல்லை, ஆனால் உலைக்களமும் சுத்தியலும் இருந்தன. பையன் விளையாடியதும் அவற்றோடுதான்.

சிறு வயதில் கிராமத்துக்கு முதன்முறையாக ஒரு மோட்டார் கார் வந்தது. சொய்ச்சிரோ அதன் பின்னாலேயே ஓடினார். கார் நின்ற இடத்தில் மண்ணில் சொட்டியிருந்த எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். அந்த வாசனையை வாழ்நாள் முழுவதும் அவர் மறக்கவில்லை. கொஞ்சம் வளர்ந்த பிறகு, ஹமாமட்சுவில் ஓர் அமெரிக்க விமானி சாகசம் காட்டுகிறார் என்று கேள்விப்பட்டு, அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே நுழையக் காசு போதவில்லை. பக்கத்தில் இருந்த மரத்தில் ஏறி அமர்ந்து பார்த்துவிட்டு வீடு திரும்பினார்.

பள்ளிப் படிப்பில் அவர் கெட்டிக்காரர் அல்லர். 1922-ஆம் ஆண்டு, 15 வயதில், தோக்கியோவில் இருந்த 'ஆர்ட் ஷோக்காய்' என்ற கார் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளியின் பெயர் யூஸோ சகாகிபாரா. ஸ்பேனரைப் பிடிக்கலாம் என்ற ஆசையோடு போனவருக்குக் கிடைத்த வேலை, முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் தரையைத் துடைப்பதும்தான். மாதங்கள் ஓடின. ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனாலும் போகவில்லை. வேலை குவிந்த ஒரு நாளில் முதலாளி அழைத்தபோது, காருக்கு அடியில் படுத்து வேலை செய்யும் வாய்ப்பு வந்தது. அதன் பிறகு குழந்தை பார்க்கும் வேலை குறைந்துவிட்டது.

1923 செப்டம்பர் 1-ஆம் தேதி தோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதைத் தொடர்ந்து தீ பரவியது. பட்டறையில் இருந்த வாடிக்கையாளர் கார்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அதுவரை சாலையில் கார் ஓட்டியிராத சொய்ச்சிரோ, அன்று ஒன்றை வெளியே ஓட்டிச் சென்றார். பிறகு பெரும்பாலான தொழிலாளர்கள் சொந்த ஊர்களுக்குத் திரும்பிவிட்டார்கள். மிஞ்சிய சிலரோடு சேர்ந்து, தீயில் கருகிய கார்களைச் சீரமைக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. ஓர் ஆண்டுக்குள் அவர் கற்றுக்கொண்டது, சாதாரண நாட்களில் பல ஆண்டுகள் எடுத்திருக்கும்.

விமான எஞ்சின் காருக்குள் வந்த கதை

சகாகிபாராவுக்குக் கார் பந்தயத்தில் ஆர்வம் உண்டு. பந்தயத்துக்கு என்று ஒரு காரைக் கட்டத் தீர்மானித்தார். அவர் கைக்குக் கிடைத்தது, கர்ட்டிஸ் விமானத்தின் பழைய எஞ்சின் ஒன்று. எட்டு சிலிண்டர்கள், எட்டு லிட்டருக்கும் மேற்பட்ட கொள்ளளவு. அதை அமெரிக்கத் தயாரிப்பான மிட்செல் காரின் சட்டத்தில் பொருத்துவது என்று முடிவானது. சகாகிபாராவின் தம்பியும் பதின்ம வயது சொய்ச்சிரோவும் அந்த வேலையில் இறங்கினார்கள்.

இன்று பழைய காரில் புதிய எஞ்சினை மாற்றுபவர்களுக்கு வரும் எல்லாத் தொல்லையும் அவர்களுக்கும் வந்தது. விமான எஞ்சின் வானத்தில் காற்றாடியைச் சுழற்றுவதற்காக வடிவமைக்கப்பட்டது. நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்றுகள் என்ற நிதானமான வேகத்தில் பெரும் முறுக்கு விசையைக் கொடுக்கக் கூடியது. காருக்குத் தேவையானதோ வேறு. எஞ்சினைத் தாங்கும் இடம், அதன் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு போகும் வழி, அதன் சூட்டைத் தணிக்கும் ஏற்பாடு, அந்தப் பாரத்தைச் சுமக்கும் சக்கரம் என்று எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. மரத்தால் ஆன சக்கரக் கம்பிகளைச் செதுக்கும் வேலைகூட சொய்ச்சிரோவின் கைக்கு வந்தது.

1924 நவம்பர் 23-ஆம் தேதி நடந்த ஐந்தாவது ஜப்பான் கார் பந்தயத்தில் அந்த 'கர்ட்டிஸ்' கார் முதலிடம் பிடித்தது. ஓட்டியவர் முதலாளியின் தம்பி ஷினிச்சி சகாகிபாரா. பக்கத்து இருக்கையில் மெக்கானிக்காக அமர்ந்திருந்தவர் சொய்ச்சிரோ. அப்போது அவருக்கு வயது 18 தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்தக் கார் இன்றும் ஜப்பானில் மோத்தேகியில் உள்ள ஹோண்டா அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் பாதுகாக்கப்படுகிறது.

தம்பியின் முதுகெலும்பு

1928-ஆம் ஆண்டு சொய்ச்சிரோ ஹமாமட்சுவில் ஆர்ட் ஷோக்காயின் கிளையைத் திறந்தார். வயது 21. சீக்கிரமே நல்ல பெயர் வந்தது. மரக் கம்பிகளுக்குப் பதிலாக வார்ப்பிரும்புக் கம்பிகள் கொண்ட சக்கரத்தை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். வருமானமும் கூடியது. 1935-இல் சாச்சி என்பவரை மணந்தார்.

பந்தய ஆசை மட்டும் விடவில்லை. 1936 ஜூன் மாதம், தாமா ஆற்றங்கரையில் திறக்கப்பட்ட புதிய பந்தயத் தடத்தில் தானே கட்டிய காரோடு இறங்கினார். பக்கத்தில் மெக்கானிக்காக உட்கார்ந்திருந்தவர் அவருடைய சொந்தத் தம்பி பெஞ்சிரோ. வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது முன்னால் குறுக்கிட்ட காரோடு மோதல் ஏற்பட்டது. அண்ணன், தம்பி இருவரும் தூக்கி வீசப்பட்டார்கள். சொய்ச்சிரோவின் முகத்தின் இடது பக்கம் நசுங்கியது, கையும் அடிபட்டது. தம்பிக்கு முதுகெலும்பு முறிந்தது. இருவரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு சொய்ச்சிரோ பந்தய ஓட்டுநராக நீடிக்கவில்லை.

தான் வேகத்துக்காகக் கட்டிய ஒரு காரின் விலையைத் தம்பியின் உடலில் பார்த்தவர் அவர். இருந்தாலும், அந்தப் பாடம் முழுமையாக உறைக்க இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

தோல்வியிலும் இடிபாட்டிலும்

பழுது பார்ப்பவராக மட்டும் இருக்க அவருக்கு விருப்பமில்லை. பிஸ்டன் வளையங்களைத் தயாரிக்கப் புறப்பட்டார். வளையம் சிறிய பொருள்தான், ஆனால் அதன் உலோகக் கலவை பிடிபடவில்லை. இரவும் பகலும் உழைத்தும் வளையங்கள் உடைந்தன. தனக்குத் தெரியாதது இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, முப்பது வயதை எட்டிய அந்த முதலாளி, ஹமாமட்சு தொழிற்கல்லூரியில் பகுதி நேர மாணவராகப் போய் உட்கார்ந்தார். தேவையானதைக் கற்றுக்கொண்டார். பட்டத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

தயாரிப்பு வெற்றி பெற்ற பிறகும் டொயோட்டாவுக்கு அனுப்பிய 50 மாதிரிகளில் 3 மட்டுமே தேர்ச்சி பெற்றன. மறுபடியும் பாடுபட்டுத் தரத்தை உயர்த்தினார். அவருடைய தோக்காய் செய்க்கி நிறுவனத்தில் டொயோட்டா முதலீடும் செய்தது. பிறகு போர் வந்தது. குண்டுவீச்சில் ஆலை சேதமடைந்தது. 1945 ஜனவரியில் மிக்காவா நிலநடுக்கம் இன்னோர் ஆலையைச் சாய்த்தது. போர் முடிந்ததும் மிஞ்சிய பங்குகளை டொயோட்டாவுக்கே 450,000 யென்னுக்கு விற்றுவிட்டு, ஏறக்குறைய ஓர் ஆண்டு எந்தத் தொழிலும் செய்யாமல் இருந்தார்.

சைக்கிளில் ஏறிய இராணுவ எஞ்சின்

1946-ஆம் ஆண்டு ஜப்பானில் பேருந்துகளும் இரயில்களும் மூச்சு முட்டும் கூட்டத்தோடு ஓடின. அரிசியும் கிழங்கும் வாங்க மக்கள் சைக்கிளில் வெகுதூரம் போக வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் சொய்ச்சிரோ கண்ணில் பட்டது, இராணுவம் தன் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தர வைத்திருந்த சின்ன எஞ்சின். போர் முடிந்துவிட்டதால் அது யாருக்கும் வேண்டாத பொருளாகிவிட்டது.

விமான எஞ்சின் காருக்குள் போனதைப் பார்த்தவருக்கு, ஜெனரேட்டர் எஞ்சின் சைக்கிளில் ஏறுவது பெரிய விஷயமில்லை. முதல் மாதிரிக்கு எரிபொருள் தொட்டியாகப் பயன்பட்டது, குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் குடுவை. பெட்ரோல் பங்கீட்டில் மட்டுமே கிடைத்ததால், பைன் மர எண்ணெய் கலந்த எரிபொருளும் ஊற்றப்பட்டது. புகையும் நாற்றமும் கடுமை. ஆனாலும் வண்டி ஓடியது. மனைவி சாச்சியை அதில் ஏற்றித் தெருவில் ஓட்ட வைத்தார். ஒரு குடும்பத் தலைவி ஓட்ட முடிந்தால் யாரும் ஓட்டலாம் என்று ஊர் தெரிந்துகொள்ளும் அல்லவா?

ஏறக்குறைய 500 எஞ்சின்கள். அவை தீர்ந்ததும் வேறு வழியில்லை, எஞ்சினைத் தானே செய்ய வேண்டும். 1947-இல் வந்த 'ஏ டைப்' தான் ஹோண்டா பெயரில் விற்கப்பட்ட முதல் சொந்த எஞ்சின். 1948 செப்டம்பர் 24-ஆம் தேதி ஹோண்டா மோட்டார் நிறுவனம் பிறந்தது. மூலதனம் 10 இலட்சம் யென். தொழிலாளர்கள் 34 பேர்.

மறு ஆண்டு தகேயோ ஃபுஜிசவா வந்து சேர்ந்தார். எஞ்சின் ஒருவருக்கு, பணமும் விற்பனையும் மற்றவருக்கு என்று பொறுப்பு பிரிந்தது. தொழில் முத்திரைகூட ஃபுஜிசவாவிடம்தான் இருந்தது என்பார்கள். 1954-இல் நிறுவனம் திவாலாகும் நிலைக்குப் போனபோது அதைக் கரையேற்றியவரும் அவர்தான். அதே ஆண்டில்தான் பிரிட்டனின் ஐல் ஆஃப் மேன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொள்ளப் போவதாக சொய்ச்சிரோ அறிவித்தார். அங்கே போய்ப் பார்த்தபோது, ஐரோப்பிய எஞ்சின்களின் திறன் தன்னுடையதைவிடப் பல மடங்கு என்பது தெரிந்து அதிர்ந்து போனார். ஐந்து ஆண்டுகள் கழித்து 1959-இல் தன் அணியை அனுப்பினார். 1961-இல் 125 சிசி, 250 சிசி இரண்டு பிரிவிலும் முதல் ஐந்து இடங்கள் ஹோண்டாவுக்கே கிடைத்தன.

1958-இல் வெளிவந்தது சூப்பர் கப். 50 சிசி எஞ்சின், இடது கையால் அழுத்தத் தேவையில்லாத கிளட்ச், சேற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் கவசம், கால் தூக்காமல் ஏறி அமரும் வடிவம். பினாங்கில் மெக்கானிக்காக வாழ்க்கையைத் தொடங்கிய லோ பூன் சியூ, அந்த ஐம்பதுகளின் இறுதியில் ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். தோட்டப்புறத்தில் பால் மரம் வெட்டியவர்கள் முதல் துறைமுகத் தொழிலாளர்கள் வரை பல குடும்பங்களின் முதல் மோட்டார் வாகனம் அதுதான். 'கப்சாய்' என்று நாம் இன்றும் சொல்லும் பெயருக்குள் அந்த 'கப்' ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

பிடிவாதத்தின் விலை

1963-இல் ஹோண்டா கார் உற்பத்தியில் இறங்கியது. எஸ்500 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. 531 சிசி எஞ்சின், 44 குதிரைத் திறன். பின் சக்கரங்களுக்குச் சங்கிலி வழியாக பலம் போகும். மோட்டார் சைக்கிள்காரர் செய்த கார் என்பது அதிலேயே தெரிந்தது. 1964-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நுழைந்து, 1965-இல் மெக்சிகோவில் முதல் வெற்றியையும் பெற்றார்கள்.

அடுத்து நடந்ததுதான் இந்த வாழ்க்கையின் கசப்பான பகுதி. எஞ்சினைத் தண்ணீரால் குளிர்விப்பதைவிடக் காற்றால் குளிர்விப்பதே சிறந்தது என்பது சொய்ச்சிரோவின் உறுதியான நம்பிக்கை. தண்ணீரும் கடைசியில் காற்றால்தானே ஆறுகிறது, நடுவில் எதற்கு ரேடியேட்டர் என்பது அவர் வாதம். மோட்டார் சைக்கிளில் அது அவரைக் கைவிட்டதில்லை. அதே முறையில் ஆர்ஏ302 என்ற ஃபார்முலா ஒன் காரை உருவாக்கச் சொன்னார். அனுபவசாலியான ஜான் சர்டீஸ் அந்தக் காரைச் சோதித்துவிட்டு, பந்தயத்துக்கு இன்னும் தயாராகவில்லை என்று ஓட்ட மறுத்தார்.

1968 ஜூலை 7-ஆம் தேதி, பிரான்ஸில் ரூவான் தடத்தில், மழையில், பிரெஞ்சு ஓட்டுநர் ஜோ ஷ்லெஸ்ஸர் அதை ஓட்டினார். தொடக்கச் சுற்றுகளிலேயே கார் தடத்தை விட்டு விலகி மண்மேட்டில் மோதித் தீப்பிடித்தது. அதன் உடற்கூடு மக்னீசியம் கலந்த உலோகம். தீயை அணைக்க முடியவில்லை. ஷ்லெஸ்ஸர் இறந்தார். அந்த ஆண்டோடு ஹோண்டா ஃபார்முலா ஒன்னை விட்டு விலகியது.

ஆனால் காற்றுக் குளிர்விப்பை சொய்ச்சிரோ அப்போதும் விடவில்லை. 1969-இல் ஹோண்டா 1300 என்ற குடும்பக் காரிலும் அதே எஞ்சின் முறை வந்தது. எஞ்சின் பலமானது. ஆனால் கனமானது, சிக்கலானது, செலவும் அதிகம். காரின் மூக்கில் பாரம் கூடி ஓட்டத்தில் சமநிலை குறைந்தது. ஓர் எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது உட்காரும் உடலுக்குப் பொருந்தாவிட்டால் பயனில்லை என்பதைத் தன் 18-வது வயதிலேயே கற்றவர், தன் சொந்தக் காரில் அதை மறந்திருந்தார்.

இதற்கிடையே அமெரிக்காவில் வாகனப் புகைக்குக் கடுமையான சட்டம் வரவிருந்தது. எஞ்சினின் வெப்பம் சீராக இருந்தால்தான் புகையைக் கட்டுப்படுத்த முடியும், அதற்குத் தண்ணீரே வழி என்று தடாஷி குமே உள்ளிட்ட இளம் பொறியாளர்கள் வற்புறுத்தினார்கள். சொய்ச்சிரோ ஏற்கவில்லை. அவர்கள் ஃபுஜிசவாவிடம் போய் முறையிட்டார்கள். ஃபுஜிசவா நண்பரிடம் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டார். அவர் இந்த நிறுவனத்தின் தலைவராக இருக்கப் போகிறாரா, அல்லது அதன் பொறியாளராகவா? இரண்டில் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சற்று மௌனத்துக்குப் பிறகு, தலைவராகவே இருப்பதாக சொய்ச்சிரோ பதில் சொன்னார். அதன் பொருள், பொறியாளர்கள் தண்ணீர் எஞ்சினைச் செய்யலாம் என்பதே. சிலிண்டரும் பிஸ்டனுமாகவே வாழ்ந்த ஒருவருக்கு அது எளிய வார்த்தை அல்ல.

இளையவர்களிடம் ஒப்படைப்பு

அந்த முடிவிலிருந்து பிறந்தது 1972-இல் வந்த சிவிக். அதே ஆண்டு சிவிசிசி என்ற எஞ்சின் தொழில்நுட்பத்தை ஹோண்டா அறிவித்தது. சிலிண்டருக்கு மேலே ஒரு சிறிய அறையில் பெட்ரோல் அதிகமுள்ள கலவையைப் பற்றவைத்து, அந்தச் சுடரால் கீழே உள்ள பெட்ரோல் குறைந்த கலவையை எரிப்பது அதன் முறை. அமெரிக்காவின் புதிய புகை விதிகளுக்கு உட்பட்டு முதலில் தேர்ச்சி பெற்ற எஞ்சின் அதுதான். சின்னக் காரில்தான் இது நடக்கும் என்ற பேச்சை முறியடிக்க, ஹோண்டா பொறியாளர்கள் அமெரிக்காவின் பெரிய செவ்ரலே இம்பாலா ஒன்றை வாங்கி, அதன் எட்டு சிலிண்டர் எஞ்சினில் தங்கள் முறையைப் பொருத்தி, அதையும் சோதனையில் தேற வைத்தார்கள். முன்னொரு காலத்தில் விமான எஞ்சினைக் காரில் இறக்கிய பட்டறைப் புத்தி அது.

இந்த எஞ்சினைக் கொண்டு அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களுக்குச் சமமாக நிற்கலாம் என்று சொய்ச்சிரோ மகிழ்ந்தார். இளம் பொறியாளர்களோ, தாங்கள் உழைப்பது நிறுவனத்தின் போட்டிக்காக அல்ல, சமூகத்துக்காக என்று பதில் கொடுத்தார்கள். தன்னைவிட அவர்கள் உயரமாக யோசிக்கிறார்கள் என்பதை அவர் உணர்ந்தார். 1973 அக்டோபரில், 66 வயதில், ஃபுஜிசவாவோடு சேர்ந்து பதவியிலிருந்து விலகினார். அடுத்த தலைவரான கியோஷி கவாஷிமாவுக்கு வயது 45. தங்கள் பிள்ளைகளை நிறுவனத்துக்குள் கொண்டு வருவதில்லை என்ற கொள்கையிலும் இருவரும் உறுதியாக இருந்தார்கள். சொய்ச்சிரோவின் மகன் ஹிரோத்தோஷி வெளியே 'முகென்' என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று கிள்ளானில் பழைய சிவிக் வைத்திருப்பவர்கள் தேடி வாங்கும் உதிரிப் பாகங்களில் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

ஓய்வு பெற்ற சொய்ச்சிரோ, நாடெங்கும் உள்ள ஹோண்டா ஆலைகளுக்கும் விற்பனைக் கடைகளுக்கும் நேரில் போய்த் தொழிலாளர்களுக்குக் கை கொடுத்து நன்றி சொன்னார். ஓரிடத்தில் ஓர் இளைஞர், கையில் எண்ணெய்க் கறை இருக்கிறதே என்று கையைப் பின்னுக்கு இழுத்தார். சொய்ச்சிரோ விடவில்லை. அந்தக் கறை படிந்த கையை இறுகப் பற்றி, அந்த எண்ணெய் வாசனையை முகர்ந்து மகிழ்ந்தார். அவருடைய இடது கையிலும் சுத்தியலும் உளியும் விட்டுச் சென்ற தழும்புகள் நிறைய இருந்தன.

டர்போவின் காலம்

1983-இல் ஹோண்டா மறுபடியும் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பியது. இந்த முறை டர்போ எஞ்சினோடு. எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, அது சுழலும் அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறியால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிப்பதுதான் டர்போ. காற்று கூடினால் எரிபொருளும் கூட்டலாம், பலமும் கூடும். ஆனால் அதோடு சூடும் கூடும். பிஸ்டன், எண்ணெய், ரேடியேட்டர், கிளட்ச், பிரேக் என்று ஒவ்வொன்றும் அந்தக் கூடுதல் பலத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தொடக்கத்தில் ஹோண்டா எஞ்சின்கள் பந்தயத்தின் நடுவிலேயே உடைந்தன. பொறியாளர்கள் பொறுமையாகத் திருத்தினார்கள். 1986, 1987 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வில்லியம்ஸ் அணியோடு தயாரிப்பாளர் பட்டத்தை வென்றார்கள். 1988-இல் டர்போவுக்குக் காற்றழுத்தமும் எரிபொருளும் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. அந்த ஆண்டிலும் மெக்லாரன் காரில் இருந்த 1.5 லிட்டர் ஹோண்டா டர்போ, 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. அந்த எஞ்சின்கள் தண்ணீரால் குளிர்விக்கப்பட்டவை. தான் எதிர்த்த முறையிலேயே தன் பெயர் உலகின் உச்சிக்குப் போனதைக் கண்டு மகிழும் பெருந்தன்மை சொய்ச்சிரோவுக்கு இருந்தது.

1989-இல் அமெரிக்காவின் வாகனத் துறைப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் ஜப்பானியர் ஆனார். 1991 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, 84 வயதில், கல்லீரல் செயலிழந்து தோக்கியோவில் காலமானார். வாகனம் செய்து பிழைத்தவன் சாவில் சாலை நெரிசலை உண்டாக்கக் கூடாது என்று நினைத்து, நிறுவனத்தின் சார்பில் பெரிய இறுதிச் சடங்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அப்படியே செய்தார்கள்.

பட்டறைக்கு ஒரு பாடம்

இன்று கிள்ளானில் ஒரு பழைய காரின் பானெட்டைத் திறந்து டர்போ எஞ்சினை இறக்குபவர், நூறு ஆண்டுகளுக்கு முன் சொய்ச்சிரோ செய்ததையேதான் செய்கிறார். எஞ்சினை இறக்குவது ஒரு நாள் வேலையாக இருக்கலாம். மீதி வேலைதான் முக்கியம். எழுபது, எண்பது குதிரைத் திறனுக்காகச் செய்யப்பட்ட உடலில் அதைப் போல நான்கு மடங்கு பலத்தை ஏற்றினால், பழைய பிரேக் அதை நிறுத்தாது. பழைய ரேடியேட்டர் சூட்டைத் தாங்காது. பழைய கியர்பாக்ஸும் அச்சும் முறியும். எஞ்சின் மாற்றத்துக்கு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும், வாகனப் பரிசோதனையும், கிராண்டில் புதிய எஞ்சின் எண்ணும் வேண்டும். பதிவில் இல்லாத எஞ்சினோடு ஓடும் கார் விபத்தில் சிக்கினால், காப்புறுதி இழப்பீடு கிடைப்பதும் சிக்கலாகிவிடும். பக்கத்து இருக்கையில் உட்காரும் தம்பியோ நண்பனோ இந்தக் கணக்கு எதுவும் தெரியாமல்தான் ஏறி அமர்கிறான்.

பெஞ்சிரோவும் 1936-இல் அப்படித்தான் அண்ணனை நம்பி ஏறி அமர்ந்தார். மோத்தேகி அருங்காட்சியகத்தில் நிற்கும் கர்ட்டிஸ் காரைப் பார்ப்பவர்கள் அதன் பிரம்மாண்டமான எஞ்சினைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த எஞ்சினைத் தாங்கும் சட்டத்தையும், அந்தப் பாரத்தைச் சுமந்து ஓடிய சக்கரங்களையும் ஒரு நிமிடம் குனிந்து பார்த்தால், பட்டறைப் பையன் சொய்ச்சிரோ எங்கே உழைத்தார் என்பது தெரியும்.